ஒரு சின்ன உதட்டுக்கு இத்தனை குற்றவாளிகள்

ஓசூர்
செவ்வாய்க்கிழமை

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை அனுப்ரியாவுக்கு, ஓசூரிலிருந்து உன் அக்கா ஜெயப்ரியா ஆசை முத்தங்களோடு எழுதுவது. நான் சுகம், உன் மாமா சுகம், அம்மா சுகம், பாப்பா எங்கள் எல்லோரையும்விட சுகம். அந்த ஜார்க்கண்ட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. வேளைக்குச் சாப்பிடு. பட்டினி கிடந்து ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஜெபித்தாலும் கேட்பார்.

உன் கடிதம் நேற்று வந்தது. பெட்டி கட்டத் தொடங்கியிருந்தால் முதலில் அதை அவிழ்த்து வை. பாப்பா பிளந்த உதட்டோடு பிறந்ததற்கு நீதான் காரணம் என்கிறாய். நீ மடத்துக்குக் கிளம்பிய அன்று சாமல்பட்டி ஸ்டேஷனில் அம்மா உன் நெற்றியில் சிலுவை போடாமல், பெற்ற வயிறு எரிகிறது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், பெற்ற வயிறு எரிய வைத்துவிட்டுப் போன அந்தப் பாவம்தான் பிள்ளையின் மேல் விழுந்தது என்கிறாய். அதனால் துறவு வேண்டாம், சபையில் கொடுக்க வேண்டிய முதல் வார்த்தைப்பாடும் வேண்டாம், உங்களைப் பயிற்றுவிக்கிற மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கே வந்துவிடப் போகிறாயாம். இதை எழுத நான்கு பக்கம், நடுநடுவே கண்ணீர்க் கறை வேறு.

நவதுறவு இல்லத்தில் உங்களுக்குப் போன் கொடுத்திருந்தால் நேற்றே கூப்பிட்டு உன்னை ஒரு வழி பண்ணியிருப்பேன். கடிதம்தான் என்று ஆகிவிட்டதால் நிதானமாகத் திட்டுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அறைப் பக்கம் போகாதே. இன்னொரு சேதி. இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். என்ன பெயர் வைத்தோம் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பாப்பாவின் உதட்டுக்குக் காரணம் நானே என்று சொல்லிக்கொள்ள நீ ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறாய். இங்கே ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது.

வரிசையில் முதல் ஆள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் கீழிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தார். பாப்பாவைப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். கிரகணத்தன்று கத்திரிக்காய் அரிந்தாயா என்று என்னிடம் கேட்டார். அரிந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்த பசியில் கிரகணமாவது ஒன்றாவது. எங்களுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை அம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் வெகுநாள் கத்திரிக்காயைக் கையில் எடுத்தால் கை கூசியது. ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை வாங்குகிறவள் ஒரு காய்க்குப் பயந்தேன் என்று வெளியே சொல்லவும் வெட்கம்.

அடுத்து, எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவி மார்சலின் அக்கா வந்தார். அவர் கிரகணம் பேசவில்லை. இரண்டு குடும்பத்திலும் யாரிடமாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், சாமியாரிடம் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, மறுநாள் மிளகு ரசம் வைத்துத் தூக்குப் போசியில் அனுப்பினார். ஆனால் அந்த ராத்திரி எனக்கு ரசமும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை.

வரிசையில் இரண்டாவது ஆள் உன் மாமா. இதைத்தான் நீ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அவர் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருப்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு பாகம் பழுதாக வந்தால் சும்மா தூக்கிப் போட மாட்டார்களாம். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டுமாம். ஒரு மீன் முள் படம் வரைந்து, தலையில் என்ன பழுது என்று எழுதி, ஆள், மிஷின், பொருள், முறை என்று ஒவ்வொரு முள்ளாகக் காரணங்களை எழுதினால் கடைசியில் மூல காரணம் மாட்டிக்கொள்ளுமாம். உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பெரிய மீன் முள்ளை வரைந்தார். தலையில் "பாப்பா" என்று எழுதினார். ஹாலில், மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. என் மகள் என்ன, வாங்கினவன் திருப்பி அனுப்பின பாகமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி, திறந்து, மூடினார். சில ஆண்கள் அழுவார்கள், சிலர் குடிப்பார்கள், இவருக்கு வரைபடம்தான் வந்தது. அது புரிந்ததும் நானும் விட்டுவிட்டேன்.

படத்தின் முதல் கேள்வி, உதடு ஏன் பிளந்தது? கருவில் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை. ஏன் சேரவில்லை? பெங்களூர் டாக்டரம்மா, பல விஷயம் சேர்ந்து வருவது இது, ஒன்றைக் கைகாட்ட முடியாது, நீங்கள் யாரும் எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்று கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். உன் மாமா அதை ஏற்கவில்லை. "தெரியவில்லை" என்று கட்டத்தில் எழுதினால் அவர்கள் மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டாராம். ஆகவே மேலே போனார். கடவுள் இதை ஏன் விட்டார்? உலகத்துக்குள் துன்பம் ஏன் வந்தது? ஆதாமும் ஏவாளும் விலக்கின கனியைத் தின்றார்கள். ஏன் தின்றார்கள்? பாம்பு பேசியது. பாம்பைத் தோட்டத்துக்குள் யார் விட்டது? அத்தோடு காலண்டர் தாள் முடிந்துவிட்டது. கீழே இன்னொரு தாளை ஒட்டினார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடமே போனார். நம் சாமியார் சின்ன வயது, குருப்பட்டம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. படத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தாராம். மனிதன் தன் விருப்பத்தால் கடவுளைவிட்டு விலகினான், அந்த விலகலில் விழுந்த விரிசல் உலகம் முழுக்க ஓடிவிட்டது, நோயும் சாவும் கண்ணீரும் அப்படி வந்தவை என்று திருச்சபை சொல்கிறது என்றாராம். ஆனால் அந்த விரிசல் இந்தப் பிள்ளையின் உதட்டுக்கு இன்னார் வழியாகத்தான் வந்தது என்று எழுத இதில் கட்டமே கிடையாது பிரகாஷ், அதைக் கடவுள் நம்மிடம் கேட்கவும் இல்லை என்றாராம். பாம்பைப் பற்றிக் கேட்டதற்கு, அது எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டாராம். அவர் தெரியாது என்று சொன்னதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. உன் மாமாவுக்குத் திருப்தி இல்லை. படம் திரும்பவும் ஆணிக்கே வந்தது.

இதற்கு நடுவே நிஜமான வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாப்பாவால் உறிஞ்ச முடியவில்லை. பால் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். எடை ஏறினால்தான் உதட்டைத் தைக்க முடியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் பாலைப் பிழிந்து வைத்துக்கொண்டு அழுவேன், பாப்பா பசித்து அழுவாள். உன் மாமாதான் அவளை மடியில் நிமிர்த்தி வைத்து, தலை எவ்வளவு சாய்ந்தால் பால் மூக்குக்குப் போகாமல் தொண்டைக்குப் போகிறது என்று பொறுமையாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தால் கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்து, தப்பாகப் பிடித்தால் திட்டவும் செய்தார்.

அதற்குப் பிறகு இந்த லைன் வீட்டில் ஒரு கூத்து ஆரம்பமானது. எதிர்வீட்டு வஜிஹா அக்காவை உனக்கு எழுதியிருக்கிறேனே, சிங்காரப்பேட்டைக்காரர், மளிகைக் கடை தஸ்தகீர் பாயின் மனைவி. மதியம் கடைக்குச் சாப்பாடு அனுப்பிவிட்டு வந்து பாலாடையைக் கையில் எடுப்பார். எல்லாம் அல்லாஹ் எழுதினது, எழுதினவன் அழகாகவே எழுதியிருப்பான் என்பார். சாயங்காலம் சரோஜம்மாள் வருவார், கிரகணத்தைத் திட்டிக்கொண்டே ஊட்டுவார். அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஊட்டுவார். ஒருவர் சொல்லும் காரணத்தை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் பாலாடை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தகராறில்லாமல் போகும். வாரம் ஒரு நாள் தஸ்தகீர் பாய் கடைத் தராசில் துண்டு விரித்து பாப்பாவைப் படுக்க வைத்து எடை பார்ப்பார். பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறைக்கு வந்தது. மாதம் ஒரு வீட்டில் ஜெபமாலை, வாசகம், டீ, சுண்டல். நானும் அம்மாவும் சுண்டல் தாளிக்கிற மும்முரத்தில் ஆணியில் தொங்கின படத்தைக் கழற்ற மறந்துவிட்டோம். உள்ளே நுழைந்த மார்சலின் அக்காவின் கண் நேரே அதில் போய் நின்றது. முள்களையும் தமிழில் எழுதியிருந்தால் தப்பித்திருக்க முடியாது. நல்ல வேளை, உன் மாமாவின் ஆங்கிலக் கோழிக்கிறுக்கல். அக்காவின் கண்ணுக்கு மீன் மட்டும்தான் தெரிந்தது. மீனே ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம், அதன் தலையில் பாப்பா என்று எழுதி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறாரே பிரகாஷ் என்று மனம் உருகிவிட்டார். மாதாவுக்கு வைத்திருந்த ரோஜாவில் இரண்டை எடுத்து மீனுக்கு வைத்தார். மெழுகுவர்த்தியையும் அந்தப் பக்கம் நகர்த்தினார். எல்லோரும் மீனைப் பார்த்து முழங்காலிட்டார்கள். நான் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஜெபமாலை பாதிகூடப் போகவில்லை. வேறொரு கம்பெனியில் இதே வேலை செய்கிற பெலிக்ஸ் அண்ணன் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இது பழுதுக்குக் காரணம் தேடுகிற படமாயிற்றே என்று உரக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெலிக்ஸ் அண்ணன் முள் முள்ளாக வாசிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நின்றுபோனது. நான் வேலை செய்த கம்பெனியின் சால்டரிங் லைனில் ஈயம் பற்றவைக்கையில் சுவாசித்த புகை ஒரு முள். கிரகணம் ஒரு முள். மறைவான பாவம் ஒரு முள், அதன் பக்கத்தில் கேள்விக்குறி. ஆதாம் ஒரு முள். கடைசியாக "ஆள்" என்ற முள்ளின் நுனியில் ஒரே ஒரு பெயர், பிரகாஷ். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். ஓவர்டைம் ஓவர்டைம் என்று என்னை ஸ்கேனுக்கு நேரத்துக்குக் கூட்டிப் போகவில்லையாம். அதனால் மூல காரணம் அவராம். அத்தனை நாளும் அதன் பக்கத்தில்தான் நடமாடியிருக்கிறேன், கோபத்தில் ஒருநாளும் முழுசாகப் படிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும், அவ்வளவுதான், பிளவு சேர்ந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னதை எத்தனை தரம் சொல்லியும் இந்த மனிதர் காதில் வாங்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்துவிட்டேன்.

"பிறவிக் குருடனக் காட்டி, இவன் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமான்னு ஏசுகிட்டயும் இதத்தான் கேட்டாங்க. ரெண்டும் இல்லன்னுட்டு அவரு குனிஞ்சு மண்ணெடுத்து வேலையப் பாத்தாரு. நீங்களும் பாலாடையத்தான எடுத்தீங்க? அது போதும். இத இறக்குங்க."

உன் மாமா அழுதார், அனு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கத்திரிக்காய்க்கு நான் பயந்த விஷயத்தை அப்போதுதான் நானும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நானே குற்றவாளி என்று படுத்திருந்திருக்கிறோம்.

மார்சலின் அக்கா அப்புறம் மெதுவாகச் சொன்னார், "யோபுவோட கூட்டாளிங்க ஏழு நாளு பேசாம கூட உக்காந்திருந்த வரைக்கும் நல்லவங்கதான். வாயத் தொறந்தப்பதான் கெட்டாங்க. நானும் தொறந்துட்டேன் ஜெயா." சொல்லிவிட்டு பாலாடையைக் கேட்டு வாங்கினார். தப்பாகத்தான் பிடித்தார். உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார். ரோஜா இரண்டும் மாதாவிடமே திரும்பிப் போனது. படத்தின் பின்பக்கத்தில் இப்போது ஊட்டுகிறவர்களின் முறை எழுதியிருக்கிறது.

எடை ஏறிவிட்டது. டாக்டரம்மா சொன்ன எடையைத் தராசு காட்டிய அன்று தஸ்தகீர் பாய் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். அடுத்த மாதம் ஆபரேஷன். ஞானஸ்நானத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், நாலு பேர் உற்றுப் பார்ப்பார்கள் என்று முதலில் தள்ளிப் போட்டதும் உன் மாமாதான். அந்த அன்பியக் கூட்டத்துக்கு மறுநாளே, இந்த முகத்தோடேயே ஆண்டவரிடம் கொண்டுபோவோம் என்றதும் அவர்தான்.

ஒன்று சொல்லட்டுமா, பாப்பாவின் சிரிப்பு மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு மாதிரி இல்லை. உதடு இரண்டு பக்கமும் திறந்து, முகம் முழுக்கச் சிரிப்பாகிவிடுகிறது. உதட்டைத் தைத்த பிறகு இந்தச் சிரிப்பு திரும்ப வராது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்கூட. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். போட்டோவே வேண்டாம் என்றிருந்த உன் மாமா இப்போது போன் நிறைய எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மெல்லிசாக ஒரு தழும்பு இருக்கும் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும். நம் ஆண்டவரே உயிர்த்தெழுந்த பிறகு தழும்போடுதானே வந்து நின்றார்.

இப்போது அம்மா விஷயம். நேற்று உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் இல்லை, என் வாய்தான் என்றார். ஸ்டேஷனில் ஆத்திரத்தில் சொன்ன சொல் நேரே வந்து பேத்தி உதட்டில் விழுந்தது என்று பாப்பா பிறந்த நாள் முதல் அவரும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாராம். நீயும் வரிசையில் கடைசியில் போய் நில்லு அம்மா, உனக்கு முன்னாலேயே நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம் என்றேன். அம்மா சிரித்தார். முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாதி அழுகைதான், ஆனால் சிரிப்புதான் ஜெயித்தது.

ஆக, ஒரு சின்ன உதட்டுக்கு நான்கு குற்றவாளிகள். ஒருவர் மேலும் குற்றம் நிற்கவில்லை. உன்னையும் விடுதலை பண்ணியாகிவிட்டது. நீ மடத்துக்குப் போனது பாவம் என்றால், சந்தோஷமாகப் போனாயே, அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டி வரும். அதற்கும் ஒரு மீன் வரையட்டுமா?

பெயருக்கு வருகிறேன். நீ போனதிலிருந்து அம்மா உன் பெயரைச் சொன்னதே இல்லை. "அவ" என்பார், "அங்க இருக்கறவ" என்பார். உனக்கு இதை நான் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயரைப் பாட்டிதான் சொல்ல வேண்டும் என்று உன் மாமா அம்மாவிடம் விட்டிருந்தார், அம்மாவும் அதுவரை எங்களிடம் மூச்சு விடவில்லை. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "அனுப்ரியா" என்றார். சாமியார் தண்ணீரை ஊற்றினார். பாப்பா அழவே இல்லை. அந்த முழு முகச் சிரிப்பைச் சிரித்தாள்.

கவனி, அது ஞாயிற்றுக்கிழமை. உன் கடிதம் வந்தது திங்கட்கிழமை. உன்னைச் சமாதானப்படுத்த யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை.

அதனால் அங்கேயே இரு, தங்கமே. முதல் வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். புது உதட்டோடு சின்ன அனுவும் வருவாள். ரயிலில் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தால் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டு எழுது.

அன்பும் ஆசியும் நிறைந்த உன் அக்கா,
ஜெயப்ரியா

மடிக்கப் போன தாளை அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், பேனாவைக் கொடு என்றார். கீழே கோணலாக ஒரு சிலுவை இருக்கிறதே, அது அம்மா போட்டது. தாளை எடுத்து உன் நெற்றியில் வைத்துக்கொள்.

✝